சத்தம் வந்த பக்கம்

மலை உச்சியில் வண்டி நின்றதும் எல்லோரும் ஓடிவந்து கட்டிக்கொண்டது வெல்டிங் பட்டறைக்காரரைத்தான். பைக்கோடு ஒட்டியிருந்த பக்கப் பலகையில் குப்புறக் கிடந்த அவருடைய மச்சினனை ஒருவரும் சீண்டவில்லை. அவன் மெல்லக் கண்ணைத் திறந்து, உயிர் இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொண்டான்.

இந்த மலையில் மூன்று சக்கரப் பந்தய வண்டி எதுவும் இவ்வளவு வேகமாக ஏறியதில்லையாம். பட்டறைக்காரர் சிரித்தபடி தலைக்கவசத்தைக் கழற்றினார். எதிரே கை நீட்டிக்கொண்டு நின்ற பெண்டாட்டியை விட்டுவிட்டு, யாரோ ஒரு அம்மாளிடம் அதைக் கொடுத்தார். போன வருஷம் கோப்பை வாங்கினதிலிருந்தே மனுஷன் இப்படித்தான். தெருவில் முட்டுகிற மாதிரி எதிரே வந்தாலும் ஆளைக் கண்டுகொள்வதில்லை. தலைக்கனம், வேறென்ன!

மச்சினன் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவன். அக்கா வீட்டு மாடியில் குடியிருந்து, அக்கா கையால் மூன்று வேளையும் சாப்பிடுகிறவன். முன்பு அந்தப் பலகையில் படுத்த ஆள் காரணம் சொல்லாமலே கம்பி நீட்டிவிட, “மாமாவுக்கு ஆள் இல்லடா” என்று அக்கா சொன்னால் மாட்டேன் என்பானா?

வேலை என்னவோ லேசுதான். கையில் ஹேண்டில்பார் கிடையாது, காலில் பிரேக் கிடையாது. வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உடம்பைச் சாய்த்துத் தொங்க வேண்டும். தொங்காவிட்டால் சக்கரம் தூக்கிக்கொண்டு வண்டி பள்ளத்தில் குட்டிக்கரணம் போடும். தொங்கினாலோ, மூக்குக்கும் ரோட்டுக்கும் நடுவே நாலு விரல்கடைதான்.

அந்த நாலு விரல்கடையைப் பார்த்தால் போதும், அவன் கை தானாகப் பிடியை விட்டுவிடும். ஒத்திகையில் அப்படி விட்டுத்தான் விழுந்தான். வைக்கோல் கட்டுப் புண்ணியத்தில் பிழைத்தான். அதனால் இன்று புறப்படும்போதே கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

வேடிக்கை பார்க்கிற கூட்டம் வளைவில்தான் நிற்கும். அதுவும் வண்டி சறுக்கினால் மேலே வந்து விழாத உள்பக்க மேட்டில். தூரத்தில் வண்டி வரும்போதே தகரத்தைத் தட்டி ஊளையிட ஆரம்பித்துவிடுவார்கள். சத்தம் வந்த பக்கம் சாய்ந்தான்; அவ்வளவுதான். ஓட்டுவதற்கு மாமா இருக்கிறாரே!

இரண்டாவது ஓட்டத்துக்காக வண்டியை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவரும்போது மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் நின்ற ஜனம் தகரத்தைத் தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தது. ஈ காக்கை இல்லை.

மச்சினன் வயிற்றுவலி என்று ஆரம்பித்துப் பார்த்தான். நேரே பலகையில் படுத்தால் சரியாகிவிடும் என்றார் பட்டறைக்காரர். அக்காவைப் பார்த்தான், அவள் குடைக்குள்ளிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

“ஜனமெல்லாம் போயிருச்சே மாமா” என்றான் கடைசியாக.

“இருந்தா என்ன, போனா என்ன? அவங்களா வண்டி ஓட்டுறாங்க? ஏறிப் படு.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சாய்வது முன்னே பின்னே ஆனாலும் கோப்பை வாங்கின மனுஷர் சமாளிக்க மாட்டாரா என்று மனசைத் தேற்றிக்கொண்டு, படுத்தான், பிடித்தான், கண்ணை மூடினான்.

கொடி இறங்கியது. வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. இனி இறங்கவும் முடியாது, கத்தினாலும் வண்டி நிற்காது. அப்போதுதான் பட்டறைக்காரர் அவன் பக்கம் குனிந்து, தொண்டை கிழியச் சொன்னார்:

“மழையில கொஞ்சம் முன்னாடியே சாஞ்சிரு மாப்ள, நீ அமுக்குற பக்கந்தான் நான் திருப்புறேன், எனக்குக் கண்ணுல ரோடு தெரிஞ்சே வருஷமாச்சு.”