பதில் வரும் தூரம்

இணையத்தில் செய்திகளை வழி பிரித்து அனுப்பும் ரவுட்டர் ஒன்றை அவளும் கணவனும் கம்பெனியில் சேர்ந்து செய்யத் தொடங்கினார்கள். அதன் சிப்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் அழித்துப் புதிதாக எழுதலாம். அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். பாதி வேலையில் அவன் இறந்துபோனான்.

ஒருநாள் கை தவறி, அவனுடைய பழைய கம்ப்யூட்டரின் முகவரிக்கு ஒரு சோதனையைத் தட்டிவிட்டாள். ‘இருக்கியா?’ என்று கேட்கும் சின்னச் சோதனைதான். அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றிப் போட்டு மாதக்கணக்காகிறது. ஆனாலும் ‘இருக்கேன்’ என்று பதில் வந்தது.

“சிப்புல ஏதோ கோளாறுக்கா. அழிச்சிட்டு எழுதுங்க” என்றான் பக்கத்து மேஜைக்காரன்.

அழித்து எழுதினாள். மறுபடியும் பதில் வந்தது, முன்னைவிடச் சற்றுத் தாமதமாக. நாளுக்கு நாள் தாமதம் கூடியது, கணவன் எட்டப் போய்க்கொண்டே இருப்பதுபோல. சோறு தண்ணி மறந்து அவள் ரவுட்டரின் வேகத்தைக் கூட்டினாள். கம்பெனியே வாயைப் பிளந்தது.

“இதுக்கு மேலயும் என்னக்கா வேகம்?”

“இன்னும் பத்தலப்பா.”

இன்று காலையில் கேட்டதற்குச் சாயங்காலமாகியும் பதில் இல்லை. பக்கத்து மேஜைக்காரனைத் தவிர எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

“ஆஃப் பண்ணிடவாக்கா?” என்று கேட்டான் அவன்.

“வேணாம். வந்துட்டிருக்கு.”

அவன் போனதும், கணவன் உட்காரும் நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள்.