திருமதி வெள்ளவத்தை

கொழும்பு வெள்ளவத்தையில், திருமணமான பெண்களுக்கான அழகிப் போட்டியின் கடைசிச் சுற்று. மேடையில் திலகேஸ்வரி நின்றாள்.

நடுவர் வரிசையிலிருந்த டொக்டர் அம்மா கேட்டார்: "இந்தப் பட்டத்தை வெண்டால் பெண்களுக்கு என்ன செய்வீங்கள்?"

"புருசனிட்டை அனுமதி கேக்காமல் வெளிக்கிடப் பழக்குவன்."

மண்டபம் கைதட்டியது.

"நீங்கள் அனுமதி கேட்டனீங்களோ?"

"இல்லை. தமிழ்ச்சனத்தைப் பதியுற பொலிஸ் பதிவுக்குப் போறன் எண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தனான்."

"தெரிஞ்சால் கோவிக்க மாட்டாரோ?"

"எப்பிடிக் கோவிக்கிறது? கொழும்பு முழுக்கப் பெண்விடுதலை பேசுறவர். அதோடை, அவரும் செத்தவீட்டுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் இஞ்சை வந்திருக்கிறார்."

"இஞ்சையோ? எங்கை?"

"உங்களுக்குப் பக்கத்துக் கதிரையிலை, டொக்டர்."

மண்டபமே எட்டிப் பார்த்தது. தலைமை நடுவர் சிவானந்தன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மனைவிக்குப் பத்துக்குப் பத்துப் புள்ளி போட்டார்.