முடிக்கோடு

ஓர் அச்சகத்துக் கணினியில் மயிலிறகு, கட்டையன் என்று இரண்டு எழுத்துருக்கள் இருந்தன. மயிலிறகு ஒயிலாகச் சாய்ந்து நிற்கும். அதன் தடித்த கோடு விரல் மாதிரி, மெல்லிய கோடு தலைமுடி மாதிரி. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரைப் பெரிதாகப் போடுவது அதன் வேலை. மண்டபம், தேதி, நேரமெல்லாம் அடியில் பொடியாகக் கட்டையன் போடும்.

பூங்கோதை என்ற பெண்ணின் கல்யாணப் பத்திரிகை வந்தபோது, "முழுக்க நானே நிக்கிறேன். நீ பக்கத்துல நின்னா என் அழகே கெடுது," என்றது மயிலிறகு.

"பொடியா நின்னா உன் முடிக்கோடு அச்சுல விழாதே."

"உனக்குப் பொறாமை."

மண்டபம், தேதி, நேரம் வரை பத்திரிகை முழுக்க மயிலிறகே நின்றது. கல்யாணப் பந்தியில் பாதி இலை காலியாகவே கிடந்தது. இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா அச்சகத்துக்கு வந்து கத்திவிட்டுப் போனார்.

"நடுவுல அழகுன்னு ஏதோ சொன்னாரே?" என்றது மயிலிறகு.

"பத்திரிகை ரொம்ப அழகுன்னு எல்லாரும் சொன்னாங்களாம்," என்றது கட்டையன். "மறுநாள் வீடு தேடி வந்து."