திருடனின் சம்மதம்

பல் டாக்டர் மேசையைத் துடைத்துவிட்டுப் பொம்மைத் தாடையை நடுவில் வைத்தான். அதுதான் கோட்டை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். நாலு நாற்காலி, மூன்று பேர்: டாக்டர், ஓர் ஆசிரியை, அவள்.

நாலாவது அவளுடைய தம்பிக்கு. அவனால் வர முடியவில்லை என்று வந்ததுமே சொல்லிவிட்டாள். அவன் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறான் என்று ஆசிரியை நொடித்தாள். கூடப் படித்த காலத்தில் இந்த ஆசிரியைக்குப் பூனைக்கண்ணி என்று பேர் வைத்தவன் தம்பி. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை போல.

டாக்டரும் ஆசிரியையும் தம்பியோடு படித்தவர்கள். அவள் இரண்டு வயது மூத்தவள், அதனால் அவர்களுக்கும் அக்கா. இப்போது நாற்பத்தொரு வயது. கட்டட வரைபட அலுவலகத்தில் பகல் முழுக்கக் கோடு போடுகிறாள். பதினேழு வருஷத்துக்குப் பிறகு இருவரையும் தேடிப்பிடித்து, பழைய ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து ஆடலாமா என்று கேட்டவள் அவள்தான்.

ஆட்டம் எளிது. டாக்டர் கதை சொல்வான். மற்றவர்களுக்கு அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லிவிட்டு, இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். நடக்குமா நடக்காதா என்பது விழுகிற எண்ணில்.

அவள் வைத்தியச்சி. ஆசிரியை வில்லாளி. தம்பி திருடன்.

கடைசியாக ஆடிய நாளில் திருடன் கோட்டை மதிலிலிருந்து விழுந்து செத்துப்போனான். அடுத்த சனிக்கிழமை எழுப்பிக்கொள்ளலாம் என்று உடலைக் குதிரை மேல் போட்டுக் கட்டினார்கள்.

பரீட்சை வந்தது. வேலை வந்தது. கல்யாணங்கள் வந்தன. அந்தச் சனிக்கிழமை மட்டும் வரவில்லை.

பதினேழு வருஷமாகச் சுமக்கிறதே, அந்தக் குதிரைக்கு ஒரு சிலை வைக்க வேண்டாமா என்றான் டாக்டர். ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தாள். அவளும் சிரித்தாள், உதட்டளவில்.

அவளிடம் ஒரே ஒரு வேர் மிச்சம் இருந்தது. செத்தவரை எழுப்புகிற வேர். அன்றைய ஆட்டத்தின் மஞ்சளாகிப்போன தாளில், அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

முதலில் கோட்டைக்குள் போவோம், அவனை அப்புறம் எழுப்பலாம், வந்து என்ன கிழிக்கப்போகிறான் என்றாள் ஆசிரியை.

இல்லை, முதலில் அவன் என்றாள் அவள். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. டாக்டர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பகடையை அவள் பக்கம் நகர்த்தினான்.

பதினைந்துக்கு மேல் விழ வேண்டும். உள்ளங்கை ஈரத்தில் பகடை ஒட்டிக்கொண்டது. உதறி உருட்டினாள்.

பதினெட்டு.

ஆசிரியை கைதட்டினாள். ஆனால் அது பாதிக் கிணறுதான். செத்தவனும் சம்மதிக்க வேண்டும். வர மனமில்லாதவனை இழுத்துக்கொண்டு வரக் கூடாது. அந்த விதியைச் சேர்த்தவனே தம்பிதான். இரண்டு வாரம் சண்டை பிடித்துச் சேர்த்தான்.

எல்லோரும் சேர்ந்து போட்ட விதி ஒன்றும் உண்டு. ஆள் வராத நாளில், அவனுடைய நாற்காலிக்கு வலப்பக்கம் இருப்பவர் அவனுக்காகப் பேச வேண்டும். தனக்குத் தோன்றியதை அல்ல. அவன் இருந்தால் என்ன சொல்வானோ, அதை.

அவள் வந்ததுமே அந்த வலப்பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் தொண்டையைச் செருமிக் குரலைக் கனமாக்கிக்கொண்டான்.

"திருடா, உன்னைக் கூப்பிடுறாங்க. திரும்பி வர்றியா?"

அவளிடம் பதில் தயாராக இருந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்த ஒரே சொல். வர்றேன்.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அவனுடைய இழுவை. அவனுடைய சோம்பல். ஒரு தோளை மட்டும் தூக்கி இறக்குகிற அந்த அலட்சியம்.

"வர்றேன்டா. ஆனா என் கால்ல நடந்துதான் வருவேன். மூட்டை மாதிரி சுமக்கணும்னா வேண்டாம், என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்க."

இருவரும் ஒரு கணம் அசந்துபோனார்கள். பிறகு வெடித்துச் சிரித்தார்கள். அச்சு அசல் அவனேதான் என்று ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருடனுக்காகப் படுக்க வைத்திருந்த கறுப்புக் காயை டாக்டர் எடுத்துக் கோட்டை வாசலில் நிறுத்தினான். நடந்தே வந்துவிட்டான் என்று அறிவித்தான்.

அவள் காயைப் பார்க்கவில்லை. இதோ வருகிறேன் என்று எழுந்து வெளியே வந்து, படிக்கட்டில் நின்று போன் செய்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் எடுத்து, டாக்டரம்மாவிடம் கொடுத்தார்.

அந்த அம்மா வியாழக்கிழமையே தன்மையாகச் சொல்லியிருந்தார். இயந்திரம் ஓடுகிறவரை உங்கள் தம்பிக்கு மூச்சு ஓடும். எழுந்திருக்க மாட்டார். பேச மாட்டார். யாரையும் அடையாளம் தெரியாது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்கவில்லையம்மா. அவரால் பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார், அதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அவள் சொன்னாள். இந்தத் தடவை சொந்தக் குரலில். பாதியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

உள்ளேயிருந்து ஆசிரியை கூப்பிட்டாள். தம்பியுடைய முறையாம். பகடையை அவனுக்காக அக்காவே வந்து உருட்ட வேண்டுமாம்.