மாற்றாமல் வைத்த ஓட்டு

வீடு மாறி இரண்டு வருடமாகியும் ஓட்டைப் புது வார்டுக்கு நான் மாற்றவில்லை. "ஒரு ஓட்டுக்கு ரெண்டு பஸ் மாறணும். உடம்பெல்லாம் சோம்பல்யா உனக்கு!" என்று மனைவி பொரிந்துகொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. பழைய வார்டு வேட்பாளரே இறங்கினார்.

"இழுபறியா இருக்கு கொத்தனாரே. உங்க ஓட்டு இன்னும் எங்க வார்டுலதான் இருக்காம். ஏறுங்க!"

புது மாப்பிள்ளை மாதிரி முன்சீட்டில் உட்கார்ந்து வாக்குச்சாவடியில் போய் இறங்கினேன். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் தோளில் கை போட்டார்.

"இத்தனை நாளா மாத்தாம வெச்சிருக்கீங்களே, அவ்வளவு பாசமா? இங்க எந்த வீட்ல இருந்தீங்க?"

"உங்க வாடகை வீட்லதாங்க. ஆள் விட்டு எங்க சட்டிபானையைத் தெருவுல எறிஞ்சீங்களே, அதே வீடு."

தோளிலிருந்த கை மெல்ல இறங்கியது.

வீட்டுக்கு இரண்டு பஸ் மாறித்தான் திரும்பினேன்.