எசக்கியப்பன் போட்ட கையெழுத்து

எசக்கியப்பன் மில்லுக்குத் தரவேண்டிய பாக்கி நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய். பஞ்சு அமுக்கும் மிஷினில் வலது மணிக்கட்டு நசுங்கியபோது, மில்லே மாட்டிவிட்ட இரும்பு மணிக்கட்டின் விலை அது. நஷ்டஈடு வந்ததும் கழித்துக்கொள்வோம் என்றார்கள்.

நஷ்டஈட்டு ஆபீஸ் ஜன்னலில் ஆள் கிடையாது, மிஷின் குரல் மட்டும்தான். "கையெழுத்தா, கைநாட்டா?" என்று கேட்டது.

நாற்பது வயசுக்குமேல் எழுத்துப் படித்தவன் கைநாட்டு வைப்பானா? இரும்பு மணிக்கட்டோடு மனுவில் முத்துமுத்தாகப் பெயரை எழுதினான். பெண்சாதி பேச்சித்தாய் எட்டிப் பார்த்து, "கல்யாணப் பத்திரிகை எழுத்து மாதிரில்லா இருக்கு" என்றாள்.

குரல் அவனுடைய பழைய கையெழுத்துகளோடு அதை ஒத்துப் பார்த்தது. "முன்பைவிடக் கை திருந்தியிருக்கிறது. இழப்பு இல்லை. மனு தள்ளுபடி. மறுமனு கிடையாது."

"ஐயா, சோத்துல கைய வச்சா சூடு தெரியலய்யா."

"சூட்டுக்கு மனுவில் கட்டம் இல்லை."

பாக்கியைச் சம்பளத்தில் பதினோரு வருஷம் பிடிப்போம், இல்லாவிட்டால் மணிக்கட்டைத் திருப்பிக் கொடு என்றது மில்.

"குடுத்துருங்க. சோத்த நான் பிசைஞ்சு தாரேன்" என்றாள் பேச்சித்தாய்.

கழற்றப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கை, அறுத்த கோழியின் கழுத்துப்போலத் தொங்கியது. பாக்கி இல்லை என்று எழுதிய தாளைக் கணக்கர் நீட்டினார். "கையெழுத்துப் போடுப்பா."

எசக்கியப்பன் இடது பெருவிரலை மை டப்பாவில் அழுத்தினான்.