நடுப்பட்டை

தையல் தன்னுடையதுதான் என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முடிக்கிற இடத்தில் மற்றவர்கள் இரண்டு தையல் திரும்பிப் போவார்கள். அவள் நான்கு போவாள். அந்தக் கத்தி உறையில் நான்கு இருந்தது.

பக்கத்தில் இருந்த இன்னொன்றிலும் நான்கு.

வெளிநாட்டு வியாபாரி பழைய மாடலையே மறுபடி கேட்கிறாராம். சாம்பிளுக்கு இரண்டு உறைகளை அனுப்பியிருந்தார். இருபத்து மூன்று வருஷம் யார் இடுப்பில் தொங்கினவோ, தோல் கறுத்து வழவழத்துக் கிடந்தது.

"பிரிச்சு பேட்டர்ன் எடுத்துடுங்க சலோமிக்கா. இந்த வாட்டி கைத்தையல் கெடயாது, எல்லாம் மெஷின்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார் சூப்பர்வைசர்.

வேலையில் மனம் ஒட்டவில்லை. காலையில் வீட்டில் மறுபடியும் அதே மல்லுக்கட்டு.

கணவனுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். கோல் ஊன்றி நடக்க முடியும். தினமும் தெருவில் நடந்தால்தான் கால் தேறும், இல்லாவிட்டால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அவன் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறான். வாய் கோணிவிட்டது. பேச்சு போய்விட்டது. தெருவையே சிரிக்கவைத்த ஆள் அல்லவா, அந்த முகத்தோடு தெருவில் இறங்க வெட்கம்.

கெஞ்சிப் பார்த்தாள். திட்டிப் பார்த்தாள். இன்று ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாள். அதுதான் உறுத்தியது.

பிளேடை எடுத்தாள்.

கைத்தையல் லேசில் விடாது. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசி எதிரெதிரே போய் வந்த நூல். ஒன்றை அறுத்தால் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். மெஷின் தையல் என்றால் இந்நேரம் பிரிந்திருக்கும். தன் கையை அவளே கொஞ்சம் மெச்சிக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன் அவனும் இதே கம்பெனிதான். அவன் ஒட்டுவான், அவள் தைப்பாள். எதிரெதிர் பலகை.

இரண்டு தோலுக்கும் நடுவே, ஓரமாக, விரல் அகலத்தில் ஒரு தோல் பட்டை வைப்பார்கள். கத்தி நூலை அறுத்துவிடாமல் இருக்க. அதன்மேல் முன்தோலை நுனியில் மட்டும் ஒட்டி அவளிடம் தள்ளுவான். தைக்கிறவள் அதைத் தூக்கி, நடுப்பட்டை நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகுதான் அழுத்தித் தைக்க வேண்டும். கம்பெனி விதி.

இப்போது புதிதாக வரும் பெண்களிடம் அவள் தொண்டை வறளக் கத்துவது இதைத்தான். தூக்கிப் பாருங்கடி.

அவள் ஒரு நாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

அவன் ஒட்டியது கோணாது. அவ்வளவு நம்பிக்கை.

முன்தோல் விட்டுக்கொடுத்தது. நடுப்பட்டையில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. பேனா மை.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

சலோமி, ஞாயித்துக்கிழம சர்ச் கேட்டுல நிக்கிறேன். சம்மதம்னா வந்து ஒரு வார்த்த பேசு.

அவன் கையெழுத்து.

அவசர அவசரமாக அடுத்த உறையை இழுத்தாள். பேட்டர்னுக்கு ஒன்றே போதும். அவளுக்குப் போதாது.

பிளேடு விரலில் பட்டது. பார்க்கவில்லை.

போன ஞாயிறும் நின்னேன். நீ பாத்துட்டே போன. பரவால்ல. இந்த வாரமும் நிப்பேன்.

ஆமாம், பார்த்தாள். ஆராதனை முடிந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்த கேட்டைத் தாண்டிப் போனாள். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, நின்றுகொண்டிருந்தான். வாரா வாரம் நின்றான்.

யாருக்கோ காத்திருக்கிறான் என்று நினைத்தாள். அந்த யாரோ மேல் பொறாமைகூடப் பட்டாள்.

அப்புறம் ஒரு நாள் அவன் அம்மா வந்து பெண் கேட்டார். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"எத்தன லெட்டர் போட்டேன், ஒண்ணுக்காவது பதில் போட்டியா?" என்பான், பேச்சு இருந்த நாளில், சாப்பிட உட்காரும்போதெல்லாம்.

"எந்த போஸ்ட்மேன் கொண்டாந்தான்?" என்பாள்.

"எல்லாம் கப்பல்ல போச்சு," என்று சொல்லிச் சிரிப்பான். அவன் அளக்கிற கதைகளில் அதுவும் ஒன்று என்று அவளும் சிரிப்பாள்.

அந்த ஆர்டர் நானூறு உறை.

நானூறையும் அவள்தான் தைத்தாள்.

மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். எதிரே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

பேட்டர்ன் எடுத்து முடித்து, இரண்டாவது நடுப்பட்டையை மட்டும் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அழுக்குப் பட்டை உங்களுக்கு எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் அவன் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். காலையில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

முடிச்சை அவிழ்த்து, பட்டையை அவனுடைய நல்ல கையில் வைத்தாள்.

படித்தான். மறுபடி படித்தான்.

நாளை ஞாயிறு.

"இந்த வாரம் நான் நிக்கிறேன்," என்றாள். "நீங்க வாங்க."

அவன் பட்டையைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, கதவோரம் பார்த்தான்.

கோல் அங்கேதான் சாத்தியிருந்தது.